இரண்டு பால்மரங்களுக்கு நடுவே ஒரு படுக்கை

பேராக்கின் கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டு ஹென்றி விக்கம் அமேசான் காட்டிலிருந்து இலண்டனின் கியூ தோட்டத்துக்கு அனுப்பிய ஏறத்தாழ 70,000 விதைகளின் வழிவந்தவை அவை. சிங்கப்பூருக்கு வந்திறங்கிய 22 கன்றுகளில் பேராக்கின் பங்குக்குக் கிடைத்தவை ஒன்பது. அவற்றில் ஒரு மரம் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு இன்றும் பாதுகாக்கப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வந்து பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். மலேசிய ரப்பரின் கதை பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்கும். அந்தக் கதையில் விட்டுப்போகிற சின்ன விஷயம் ஒன்று உண்டு. மரம் வந்தது; சொந்த ஊரில் அந்த மரத்தில் பால் வெட்டிப் பிழைத்தவர்களின் படுக்கை வரவில்லை.

அதே 1877இல் பிரேசிலின் வடகிழக்கே சியாரா மாநிலத்தைக் கொடிய வறட்சி பிடித்தது. ஊரை விட்டுக் கிளம்பியவர்களில் பலர் அமேசானுக்குள் பால் வெட்டப் போனார்கள். மூட்டையில் அவர்கள் கொண்டுபோன சொத்துகளில் ஒன்று பருத்தி நூலில் நெய்த தொங்குபடுக்கை. இரண்டு மரம் இருந்தால் வீடு. மரம் இல்லாவிட்டால் குடிசைக் கம்பத்தில் இரண்டு கொக்கி. 1988 டிசம்பர் 22ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்ட பால்வெட்டுத் தொழிலாளர் தலைவர் சிக்கோ மெண்டிஸ் அப்படிக் குடியேறிய பால்வெட்டுக் குடும்பங்களின் வாரிசு. அந்த வறட்சியும், தமிழ்நாட்டில் கிழவிகள் வாயில் நெடுங்காலம் நின்ற தாது வருஷப் பஞ்சமும் (1876–78) உலகளவில் ஒரே பருவக் கோளாறின் இரண்டு முகங்கள் என்கிறார்கள் வானிலை வரலாற்றாசிரியர்கள்.

ஆனால், பின்னாளில் பேராக்கின் கித்தா என்னும் ரப்பர்க் காடுகளுக்கு வந்துசேர்ந்த தமிழர் தூங்கியது லயத்து வீட்டின் பலகையிலும் பாயிலும். விடியுமுன் எழுந்து பெரட்டு என்னும் காலை ஆள்கணக்குக்கு ஓட வேண்டிய உடம்பு, விரித்த இடத்தில் விழுந்து தூங்கியது. அதே தோட்டத்தில் தொங்கித் தூங்கியவர்கள் குழந்தைகள் மட்டும்தான். அம்மா பால்மர நிரைக்குப் போயிருக்கும்போது ஆயாக் கொட்டகையின் உத்தரத்தில் வரிசையாகப் பழைய சேலைத் தூளிகள் ஆடும். ஒரு கிழவி, ஒரு கையால் ஒரு தூளியையும் மறு கையால் இன்னொன்றையும் ஆட்டிக்கொண்டிருப்பாள். துணியைக் கட்டித் தொங்கவிட்டுத் தூங்கவைக்கும் கலை தோட்டத்தில் இல்லாமல் இல்லை. நடக்கத் தொடங்கிய நாளோடு அது பறிபோனது.

இப்போது அது வேறு பெயரில், வேறு விலையில் திரும்பி வந்திருக்கிறது. ஈப்போவிலிருந்து வார இறுதிக்குக் கோப்பெங், உலு கிந்தா, சுங்கை சிப்புட் பக்கம் ஆற்றங்கரை தேடிப் போகிறவர்களின் பையில் பாராசூட் துணியில் தைத்த ஹேமக் ஒன்று சுருண்டு கிடக்கும். கைக்கு அடக்கமானது, கூடாரத்தைவிட எடை குறைவு, நிலம் ஈரமா மேடா என்று கவலைப்பட வேண்டாம். வாங்கும்போது எல்லாம் சரி. முதல் இரவில்தான் சங்கதி தெரியும். முதுகு வில்லாக வளையும், தோள் இரண்டும் ஒன்றையொன்று நெருக்கும், விடியற்காலை முதுகுக்கடியில் சில்லென்று ஏறும். மறுநாள் சுருட்டிக் காரின் பின்புறம் போட்டு மறந்துவிட்டவர்கள் நிறையப் பேர். குற்றம் பெரும்பாலும் துணியில் இல்லை, கட்டிய விதத்தில்தான் இருக்கிறது. குறிப்பாக, இறுக்கிக் கட்டினால்தான் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையில்.

கட்டில் கயிறு தொய்ந்தால் இறுக்க வேண்டும் என்று பழகிய கை இது. ஹேமக்கிலோ தொய்வுதான் படுக்கை. இழுத்துக் கட்டிய துணியில் ஆள் ஏறியதும் இரண்டு பக்க விளிம்பும் விறைத்து எழும்பி, நடுவில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்துக்குள் உடம்பு நசுங்கிக் கிடக்கும். தொய்வாகத் தொங்கும் துணியில்தான் உடம்பு தனக்கு ஏற்ற இடத்தைத் தேடிக்கொள்ள முடியும்.

மரத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் தொய்வுக்கே ஆதரவு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் படுத்திருக்கிறார், ஹேமக்கை மரத்தோடு கட்டும் பட்டைகள் கிடைமட்டத்திலிருந்து 30 பாகைச் சாய்வில் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பட்டையிலும் விழும் இழுவிசை சரியாக 70 கிலோ எடைக்குச் சமம். சாய்வை 10 பாகையாகக் குறைத்தால் அது 200 கிலோவைத் தொடும். 5 பாகை என்றால் 400 கிலோ. இத்தனைக்கும் படுத்திருப்பவர் அதே ஆள், ஒரு கிராம்கூடக் கூடவில்லை. நள்ளிரவில் கொக்கி தெறித்தது, தையல் பிரிந்தது என்று கேட்கிற கதைகளில் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

30 பாகையை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். கட்டைவிரலை நிமிர்த்தி, ஆள்காட்டி விரலைத் தரைக்கு இணையாக நீட்டினால் சிறுவர்கள் விளையாடும் துப்பாக்கி வடிவம் வரும். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து கட்டைவிரலின் நுனிக்கு ஒரு கோடு ஓடுவதாக நினைத்துக்கொண்டு, பட்டையின் சாய்வு அந்தக் கோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். தூக்கத்துக்குக் கிட்டத்தட்ட போதும்.

ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனை எதற்கு என்று நினைப்பவர்களுக்காக வந்ததுதான் நடுக்கயிறு. ஹேமக்கின் தலைமுனையையும் கால்முனையையும் நேராக இணைக்கும் மெல்லிய, நீளாத கயிறு அது. துணியின் நீளத்தில் 83 விழுக்காடு அளவுக்கு அதை வெட்டிக் கட்டுவது பலரும் ஒப்புக்கொண்ட தொடக்க அளவு. 335 சென்டிமீட்டர் துணிக்கு ஏறத்தாழ 278, கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 270 சென்டிமீட்டர் துணிக்கு 224. ஒருமுறை கட்டிவிட்டால், மரங்கள் நெருங்கி நின்றாலும் விலகி நின்றாலும் துணியின் தொய்வு மாறாது. படுத்தபடியே அந்தக் கயிற்றை இரண்டு விரலால் கிள்ளிப் பார்க்கலாம். கொஞ்சம் வளைந்துகொடுத்தால் சரி. வீணைத் தந்தியாக விறைத்திருந்தால் பட்டைகளைச் சற்று நெகிழ்த்த வேண்டும். கொசுவலையைத் தொங்கவிடவும், இரவில் மூக்குக்கண்ணாடியை மாட்டிவைக்கவும்கூட அதுவே உதவும். கனடாவின் டாம் ஹென்னெஸி 1990களின் இறுதியில் இந்த நடுக்கயிற்றையும் கோணலாக வெட்டிய துணியையும் சேர்த்து விற்கத் தொடங்கிய பிறகுதான், ஹேமக்கை விடிய விடியத் தூங்கும் படுக்கையாக முகாம் போகிறவர்கள் எண்ணத் தொடங்கினார்கள்.

கோணல் எதற்கு? இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாராவது நினைவில் வைத்துக்கொள்வதென்றால் அது இதுவாக இருக்கட்டும்: ஹேமக்கில் நீளவாட்டில் படுக்கக் கூடாது, குறுக்குவாட்டாகப் படுக்க வேண்டும். தலையை நடுக்கோட்டுக்கு ஒரு பக்கமும் காலை எதிர்ப்பக்கமும் தள்ளினால் துணி அகலமாக விரியும், முதுகு கிட்டத்தட்ட மட்டமாகும், தோள் நெருக்கம் போய்விடும். பிரேசில்காரர்களின் படுக்கை ஒன்றரை மீட்டருக்கும் மேல் அகலமாக இருப்பது இந்தக் கோணலுக்காகத்தான். சில வீடுகளில் கிட்டத்தட்ட முழுக் குறுக்காகவே படுத்துவிடுவார்கள். 140 சென்டிமீட்டர் அகலத்தில் 270 நீளத்தில் வரும் மலிவுச் சரக்கில் 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் கோணலாகப் படுக்க முயன்றால் குதிகாலுக்கும் தலைக்கும் துணி போதாது. அந்த நீளம் பகல் தூக்கத்துக்குச் சரி. இராத்தங்கலுக்கு 3 மீட்டருக்கு மேல் வேண்டும். காசு செலவழிப்பதென்றால் கொக்கியிலும் பையிலும் செலவழிக்காமல் துணியின் நீளத்தில் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

பிறகு கால் பக்கம். உடம்பின் எடையில் பெரும்பங்கு இடுப்புக்கு மேலே இருப்பதால், இரண்டு முனையும் ஒரே உயரத்தில் இருந்தால் ஆள் மெல்ல மெல்லக் கால் பக்கம் சறுக்கிப் போவார். கால்முனையை ஒரு சாண் அளவு, அதாவது 15 முதல் 20 சென்டிமீட்டர், உயர்த்திக் கட்டினால் சறுக்கல் நிற்கும். கோணலாகப் படுத்தும் கெண்டைக்கால் தசையில் ஒரு மடிப்பு உறுத்துகிறதா, முழங்கால் பின்பக்கம் வளைந்தாற்போல் வலிக்கிறதா? முழங்காலுக்கடியில் சுருட்டிய கைலி ஒன்று போதும். தலைக்கு மெல்லிய தலையணை. துணியே தலையைச் சற்றுத் தூக்கிவிடுவதால் வீட்டுத் தலையணை தாடையை நெஞ்சோடு அழுத்திவிடும். ஒருக்களித்துப் படுப்பவர்கள் பழகிக்கொள்ளலாம். குப்புறப் படுப்பவர்களுக்கு வழியே இல்லை. அவர்கள் பாயோடு வருவது நல்லது.

ஏறுவதிலும் ஒரு முறை உண்டு. 1831இல் பீகிள் கப்பலில் ஏறிய சார்லஸ் டார்வின் முதல் நாள் தொங்குபடுக்கையில் காலை முதலில் போட முயன்றார். படுக்கை நழுவி நழுவிப் போனது. நடுவில் உட்கார்ந்து, பிறகு உடம்பைத் திருப்ப வேண்டும் என்று தாமதமாகத்தான் பிடிபட்டது அவருக்கு. உட்காரும் இடம் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர், ஒரு நாற்காலி உயரம். அதற்கு மேல் கட்டுவது பார்க்க அழகு, விழுந்தால் மருத்துவமனை.

கப்பல் என்றதும், ஐரோப்பியர் இந்தப் படுக்கையைக் கைப்பற்றிய கதையையும் சொல்லிவிடலாம். 1492இல் கரீபியத் தீவுகளில் கொலம்பஸ் இதைப் பார்த்தார். அடுத்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆங்கிலக் கடற்படைக்குள் நுழைந்துவிட்டது. ஆள் ஒன்றுக்கு 14 அங்குல அகலம் ஒதுக்கி நூற்றுக்கணக்கானவர்களைப் பீரங்கித் தளத்தில் தொங்கவிட்டார்கள். அந்த 14 அங்குலத்தில் கோணலாவது ஒன்றாவது! கோணலை இழந்த இடத்தில், துணிக்குள் மெல்லிய மெத்தையைப் போட்டுச் சமாளித்தார்கள். போர் வந்தால் சுருட்டிய படுக்கைகளைக் கப்பலின் விளிம்பில் அடுக்கித் துப்பாக்கிக் குண்டுக்குத் தடுப்பாக்கினார்கள். கோணலுக்கு மாற்றாக இன்னொன்றும் உண்டு. வீட்டுத்தோட்டப் பொருள் கடைகளில் இரண்டு முனையிலும் மரச்சட்டம் வைத்து விரித்து விற்கும் ஹேமக் வகை மட்டமாகத் தெரியும், ஆனால் படுத்தவரின் எடைமையம் துணிக்கு மேலேயே நிற்பதால் சற்றுப் புரண்டாலும் கவிழ்த்துவிடும். புகைப்படத்துக்கு நல்லது.

இனி மரம். அமேசானிலிருந்து பிரிந்து வந்த பால்மரமும் படுக்கையும் பேராக்கில் மறுபடி சந்திக்கும்போது ஒரு வியப்பு காத்திருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் ஹெக்டேருக்கு 400 முதல் 500 மரம் இருப்பது வழக்கம். மரத்துக்கு 20 முதல் 25 சதுர மீட்டர் இடம். நிரைக்குள் மரங்கள் நெருங்கியிருக்கும், நிரைக்கும் நிரைக்கும் நடுவே அகன்றிருக்கும். கொஞ்சம் நடந்து தேடினால் நாலரை மீட்டர் இடைவெளியில் ஒரு ஜோடி கிடைத்துவிடும். அந்த இடைவெளியில் 30 பாகைச் சாய்வு வேண்டுமென்றால் பட்டையை ஆள் உயரத்தில், ஏறத்தாழ 1.8 மீட்டரில் கட்டினால் போதும். அளந்து நட்ட இடைவெளி என்று தோன்றும்.

ஆனால் பழைய தோட்டங்களில் பெரும்பகுதி இன்று செம்பனை. முக்கோண முறையில் 9 மீட்டர் இடைவெளி, ஹெக்டேருக்கு 140க்குச் சற்று மேல் மரம். அங்கே அதே சாய்வைப் பெறப் பட்டை மூன்று மீட்டர் உயரத்தில் போய் நிற்க வேண்டும், ஏணி வேண்டும். அதைவிட, வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டை அடுக்கடுக்காக நிற்கும் அந்த உடம்பில் பட்டை ஒழுங்காக உட்காராது. காம்பில் முள், மேலே எந்நேரமும் விழத் தயாராக இருக்கும் மட்டையும் 20 கிலோ குலையும், கீழே உதிர்ந்த பழத்துக்கு வரும் எலி, எலிக்கு வரும் நாகம். செம்பனைக்கடியில் ஹேமக் கட்டுவது பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

பால்மரமும் முழுக்க நம்பத்தக்கதல்ல. காற்றில் முறியும் குணமுள்ள மரம் அது. சில இரகங்களில் அது இன்னும் அதிகம். கைவிடப்பட்ட தோட்டங்களில் வெள்ளை வேர் நோய் பரவியிருக்கும். வேர் மண்ணுக்குள் அழுகிக்கொண்டிருக்க, மேலே மரம் நிமிர்ந்து நிற்கும். ஒருநாள் காற்றில்லாமலே சாயும். பட்டை கட்டுமுன் அடிமரத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். தூரோடு ஒட்டி ஆரஞ்சு நிறத்தில் தட்டையான காளான் படிகள் முளைத்திருந்தால், அல்லது பக்கத்து மரங்களெல்லாம் பச்சையாக நிற்க இது மட்டும் மஞ்சளித்திருந்தால், வேறு மரம் தேடுவது உசிதம். தலைக்கு நேர் மேலே காய்ந்த கிளை இருக்கிறதா என்பதை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். இன்னும் பால் வெட்டும் மரமானால் வெட்டு விழுந்த மரப்பட்டைமேல் கட்டுவது மரத்துக்குச் செய்யும் துரோகம். வெட்டு பொதுவாக ஒன்றரை மீட்டர் உயரத்தில் தொடங்கிக் கீழிறங்குவதால், அதற்கு மேலே கட்ட இடம் இருக்கும். இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாத அகலத்தில் பாலியஸ்டர் பட்டைதான் வேண்டும். மெல்லிய கயிறு மரத்தை அறுக்கும். நைலான் பட்டை ஈரம் பட்டால் நீளும். நாற்காலி உயரத்தில் படுத்தவர் விடியும்போது தரையைத் தொட்டுக்கொண்டிருப்பார். காட்டு மரமோ தோட்டத்து மரமோ, உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் வழக்கமாக வேண்டும். கைவிடப்பட்டதாகத் தெரியும் தோட்டத்துக்கும் சொந்தக்காரர் உண்டு.

படுக்கை விரிப்புக்கு வருவோம். வெப்ப நாட்டில் குளிர் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் அதிகாலை நாலு மணிக்கு வெறும் துணியில் தொங்கிப் பார்க்க வேண்டும். உடுப்பில்லாமல் அசையாமல் படுத்திருக்கும் மனித உடம்புக்குக் குளிரும் சூடும் தெரியாத காற்றின் வெப்பநிலை 30 பாகை செல்சியஸை ஒட்டியது. ஈப்போவில் விடியற்காலை 23, 24 என்று இறங்கும். வீட்டில் மெத்தை முதுகைக் காக்கிறது. ஹேமக்கிலோ முதுகுக்கடியில் ஓடுவது காற்று. ஆற்றங்கரையில் மலையிலிருந்து இறங்கும் இரவுக் காற்று அரை மில்லிமீட்டர்கூட இல்லாத துணி வழியே சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உயரம் ஏற ஏற நிலைமை மோசமாகும். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை பாகை குறையும் என்ற பொதுக் கணக்கின்படி, 1,250 மீட்டர் உயரப் புக்கிட் லாருட்டில் 15, 16 பாகை. பேராக்கின் மிக உயர்ந்த சிகரமான 2,183 மீட்டர் கோர்பு மலையில் ஒன்பது, பத்து.

குளிர்ந்தவர் செய்யும் முதல் காரியம் மேலே இன்னொரு போர்வையை இழுத்துப் போடுவது. அது பலனளிக்காது. அடுத்தது தடித்த ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழைவது. அதுவும் பாதிதான் பலிக்கும். போர்வைக்குள் சூட்டைப் பிடித்துவைப்பது இழைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்று. உடம்பின் எடை அந்தக் காற்றை நசுக்கி வெளியேற்றிவிட்டால் முதுகுக்கடியில் மிஞ்சுவது வெறும் துணி. ஆகவே, தொங்குபடுக்கைக்காரர்கள் கண்டுபிடித்த தீர்வு போர்வையைத் துணிக்கு வெளியே, அடியில் தொங்கவிடுவது. யாரும் அதன்மேல் படுக்காததால் அது நசுங்காது. ஹேமக்கின் அடிப்பக்கத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும், இடைவெளி விடாமல், இரண்டு முனையிலும் ரப்பர் கயிற்றால் இழுத்துக் கட்டுவார்கள். இறுக்கினால் நசுங்கிவிடும், தளர்த்தினால் நடுவே குளிர்காற்று புகுந்துவிடும். படுத்தபடியே கையை அடியில் விட்டுத் தடவிப் பார்த்து, பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு விரற்கடை தளர்த்தச் சொல்லி, மறுபடி தடவிப் பார்த்துத்தான் சரிசெய்ய முடியும். தனியாகப் போகிறவர் நாலைந்து முறை ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

கடையில் இந்தக் கீழ்ப்போர்வை விலை அதிகம். சமவெளியில் அது தேவையுமில்லை. நுரைப்பாய் ஒன்றைத் துணிக்குள் விரித்தால் ஈப்போவின் இரவுக்குத் தாராளம். 50 சென்டிமீட்டர் அகலப் பாய் முதுகை மூடும், தோளையும் கையையும் மூடாது. துணி வளைந்து தோளை அணைக்கிற இடத்தில் குளிர் பிடிக்கும். அகலமான பாய் வேண்டும், அல்லது தோள் மட்டத்தில் குறுக்கே இன்னொரு துண்டு. காரின் முன்கண்ணாடியில் வெயிலுக்கு வைக்கும் பளபளப்பான மறைப்பை எடுத்து அடியில் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அகலம் அருமையாகப் பொருந்தும், ஆனால் வியர்வை அதன்மேல் நின்றுவிடும். இரண்டு அடுக்குத் துணியுள்ள ஹேமக்கில் பாயை அடுக்குகளுக்கு நடுவே செருகலாம், இரவெல்லாம் நழுவாது. மேலே போர்த்துவதற்குச் சமவெளியில் கைலி, மலையில் கம்பளி. இலங்கை மலையகத்துத் தோட்டங்களில் மழைக்கும் குளிருக்கும் ஒரே கம்பளியை நம்பி வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், நனைந்தாலும் கொஞ்சம் சூடு மிஞ்சும் இழை அது. பறவை இறகு அடைத்த போர்வை உலர்ந்திருக்கும்வரை இராசா. பேராக்கின் ஈரத்தில் கட்டி தட்டிவிடும்; செயற்கை இழை அடைத்ததே இங்கு உகந்தது.

ஈரம் என்றால் ஈரம்தான். தைப்பிங் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை காணும் ஊர். மாலையில் தொடங்கி இரவு வரை நீளும் இடிமழைக்குத் தார்ப்பாய் கூரை இல்லாமல் ஹேமக் கட்டுவது வீண். கூரை பெரிதாக இருந்தும் முதுகு நனைகிறதே என்பார்கள். தண்ணீர் மேலிருந்து வரவில்லை. அடிமரத்தில் வழிந்து, பட்டையைப் பிடித்து, அந்த 30 பாகைச் சாய்வில் இறங்கி நேரே துணிக்குள் வருகிறது. கூரைக்குள் வரும் இடத்தில் பட்டையின்மேல் ஒரு முழம் கந்தல் துணியை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டால், தண்ணீர் அதன் வழியே சொட்டி நிலத்துக்குப் போய்விடும். செலவில்லாத வேலை, ஒரு இரவைக் காப்பாற்றும்.

அமெரிக்க இராணுவம் இரண்டாம் உலகப் போரில் பசிபிக் காடுகளுக்கு அனுப்பிய ஹேமக்கில் கூரையும் கொசுவலையும் சேர்த்தே தைத்திருந்தது. இரண்டும் இல்லாமல் வெப்பக் காட்டில் தூக்கமில்லை என்று அப்போதே தெரிந்திருந்தது. ரப்பர்த் தோட்டத்தில் கொசுவின் வரலாறு தனி. மலைச்சரிவுத் தோட்டங்களில், நிழல் வெட்டப்பட்டு வெயில் விழும் தெளிந்த ஓடைகளில் பெருகிய அனோபிலிஸ் மகுலாட்டஸ் என்ற கொசு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டம் தோட்டமாகத் தமிழர்களைக் காய்ச்சலில் சாய்த்தது. மால்கம் வாட்சன் போன்ற மருத்துவர்களின் வடிகால் வேலைக்குப் பிறகே அது அடங்கியது. இன்று மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா மலேசியாவில் உள்ளூரில் தொற்றுவது நின்றுவிட்டது. 2018இலிருந்து அப்படி ஒரு நோயாளியும் பதிவாகவில்லை. ஆனால் குரங்கிலிருந்து வரும் நோலெசி மலேரியா இருக்கிறது. 2004இல் சரவாக்கின் காப்பிட்டில் பல்பீர் சிங்கும் ஜேனட் கோக்ஸ்-சிங்கும் அதன் பரவலை வெளிக்கொணர்ந்த பிறகு, காட்டோரத்தில் இரவு தங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய நோயாகிவிட்டது. டெங்கிக் கொசு பகல்காரி. கைவிட்ட தோட்டத்தில் மழைநீர் தேங்கிய பால் மங்குகள் அதற்குத் தொட்டில். படுக்கை கட்டுமுன் சுற்றிலும் இருக்கும் மங்குகளைக் கவிழ்த்துவிடுவது, மாலைத் தூக்கத்தைக் காப்பாற்றும்.

வலை கட்டியும் முதுகில் கடிக்கிறதே என்பது அடுத்த புலம்பல். இறுகிய ஒற்றைத் துணி வழியே கொசு அடியிலிருந்து ஊசி போடும். அடியில் பாயோ போர்வையோ இருந்தால் அதன் ஊசி எட்டாது. குளிருக்குப் போட்ட விரிப்பு இங்கே இரட்டை வேலை செய்கிறது. பெர்மெத்ரின் தோய்த்த துணியும் நல்ல பாதுகாப்பு.

இவ்வளவும் சரிசெய்துவிட்டால் தூக்கம் உண்மையில் நன்றாக இருக்குமா? ஆட்டத்துக்கும் தூக்கத்துக்கும் உள்ள உறவை ஜெனீவா பல்கலைக்கழகத்தினர் சோதித்திருக்கிறார்கள். 2011இல் 12 ஆண்களை 45 நிமிடப் பகல் தூக்கத்தில் மெல்ல ஆடும் கட்டிலில் படுக்கவைத்தபோது, அவர்கள் விரைவாகத் தூங்கினார்கள், தூக்கமும் ஆழமானது. 2019இல் அதே ஊரில் 18 பேரிடம் முழு இரவும் சோதித்தபோது ஆழ்தூக்கம் கூடியது. படுக்குமுன் மனப்பாடம் செய்த சொற்கள் காலையில் அதிகம் நினைவில் நின்றன. ஆட்களின் எண்ணிக்கை சிறிது, கட்டில் நிற்காமல் மோட்டாரில் ஆடியது. ஹேமக் நாலு ஆட்டம் ஆடி நின்றுவிடும். ஆட்டத்தின் வேகமும் வேறு. அந்தக் கட்டில் நாலு விநாடிக்கு ஒரு முறை ஆடியது. அந்த நிதானத்தில் ஓர் ஊஞ்சல் தானாக ஆட, ஏறத்தாழ நாலு மீட்டர் உயரத்திலிருந்து தொங்க வேண்டும். ஆள் உயரத்தில் கட்டிய ஹேமக் இரண்டு விநாடிக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும். ஆயாக் கொட்டகையின் உயர்ந்த உத்தரத்தில் தொங்கிய தூளி இரண்டுக்கும் நடுவே ஆடியிருக்கும்.

குழந்தைகளின் விஷயம் மட்டும் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறது. மலேசிய வீடுகளில் ஸ்பிரிங் தொட்டிலும் மின்சாரத்தில் ஆடும் தொட்டிலும் இன்னும் சாதாரணம். தீபாவளிக்கு ஊர் போனாலும் கூடவே போகும். மறுபக்கம், கைக்குழந்தை மட்டமான, உறுதியான பரப்பில் மல்லாந்து தூங்க வேண்டும் என்பதில் குழந்தை மருத்துவர்கள் கறாராக இருக்கிறார்கள். அமெரிக்கா 2022இல் 10 பாகைக்கு மேல் சாய்வுள்ள குழந்தைப் படுக்கைகளை விற்கவே தடை விதித்தது. கழுத்து உறுதியாகாத பிள்ளையின் தாடை நெஞ்சில் கவிழ்ந்தால் மூச்சுக்குழல் அடைபடும் என்பதே காரணம். தூளிக்குக் குறுக்கே தொட்டில் கட்டையைச் செருகித் துணியை விரித்துவைத்த பாட்டிகளின் கைப்பழக்கம் காற்றுக்கு வழி செய்தது. சாய்வை அது மாற்றாது. பெரியவர்களுக்குச் சொல்லும் கோணல் படுக்கையைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கவும் முடியாது. தூளியில் தூங்கவைத்துவிட்டுத் தூங்கிய பிள்ளையை எடுத்துப் பாயில் கிடத்துவதே இரண்டு தரப்புக்கும் நடுவான வழி.

வயதானவர்களுக்கு இரவில் இரண்டு முறை எழுந்திருப்பது பெரிய பாடு. வலைக்குள்ளிருந்து, நடுக்கயிற்றைப் பிடித்து, இருட்டில் செருப்பைத் தேடி இறங்குவதற்குள் தூக்கம் கலைந்துவிடும். அவர்களுக்கும் குப்புறப் படுப்பவர்களுக்கும் காட்டில் வேறு வழி உண்டு. பேராக்கின் செமாய், தெமியார் பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாக நிலத்திலிருந்து உயர்த்திப் பிளந்த மூங்கில் தளத்தில்தான் படுத்துவருகிறார்கள். ஈரமும் அட்டையும் எட்டாது, அடியில் காற்றும் ஓடும்.

காட்டில் ருசி கண்டவர்கள் வீட்டிலும் கட்ட நினைப்பார்கள். வடகிழக்குப் பிரேசிலில் சுவர் எழுப்பும்போதே அறைக்கு அறை கொக்கி பதித்துவிடுகிறார்கள். ஈப்போவின் தொடர்வீட்டில் அப்படி இல்லை. 30 பாகைச் சாய்வில் 70 கிலோ ஆள் படுத்தால் சுவரிலிருந்து கொக்கியைக் கிடையாகப் பிடுங்கும் விசை 60 கிலோவைத் தாண்டும். ஒருவர் ஏறி இறங்கும் குலுக்கலில் அது இன்னும் எகிறும். பாதிச் செங்கல் தடிப்பில் எழுப்பிச் சாந்து பூசிய தடுப்புச் சுவர் இதற்கு ஆகாது. கான்கிரீட் தூணோ உத்தரமோ வேண்டும், அதில் விரிந்து பிடிக்கும் இரும்பு ஆணி வேண்டும். வாடகை வீட்டில் அதுவும் முடியாது. அப்போது மிஞ்சுவது இரும்புத் தாங்கி. நல்ல நீளத் துணிக்கு ஏற்ற தாங்கி மூன்று மீட்டருக்கு மேல் போகும், படுக்கை அறைக்குள் நுழையாது. வீட்டில் அதற்கென்று தோதான ஒரே இடம் கார் நிறுத்தும் முன்கூடம்தான். கார் அன்றிரவு தெருவில் நிற்கும்.